யாருடைய அணிகலன் பொறுமை?

பொறுமை வேண்டுமாம்! யாருக்கு? நெசவாளிக்கு. சொல்கிறவர் யார்? நெய்த சேலையை விற்கிறவர். விற்றதற்கு வரி வாங்குகிறவர். ஆண்டுக்கொரு முறை கைத்தறிக்கு நாள் குறித்து விழா எடுக்கிறவர். வேறெதிலும் ஒத்துப்போகாத இம்மூவரும் இந்த ஒன்றில் மட்டும் ஒரே குரலில் பாடுகின்றனர்.

வேலூர்ப் பக்கமிருந்து காஞ்சிக்கு வரும் அன்பர்கள் தாமலை அறிவர். பெங்களூர் நெடுஞ்சாலையோரம் பரந்து கிடக்கும் ஏரி. தொண்டை மண்டலத்து இருபத்து நான்கு கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் தந்த பழம்பதி. கல்யாணப் பட்டெடுக்க மேற்கேயிருந்து வரும் குடும்பங்கள் தாமலைக் கடந்தே பட்டுக் கடைக்குப் போகின்றன. சேலையை விரித்ததும் கேட்கும் முதற்சொல் எது? "எவ்வளவு பொறுமை இருந்தால் இப்படி நெய்திருப்பார்கள்!" புகழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புகழ்ச்சியின் மடியில் ஒரு சூழ்ச்சி உறங்குகிறது.

கோர்வைச் சேலை நெய்வதைக் கண்டிருக்கிறீர்களா? உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. தறியில் ஒருவர், கரைப்பக்கம் துணைக்கு மற்றொருவர். ஒருவர் கை பிந்தினால் கரை பிசகும். இழை அறுந்தால் நிறுத்தி, முடிந்து, மீண்டும் தொடங்க வேண்டும். ஒரு சேலை முடிய பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகும். வேலைப்பாடு மிகுந்தால் இன்னும் நீளும். இதற்குப் பொறுமை வேண்டும். இந்தப் பொறுமையை நாமும் வணங்குகிறோம். இழை அவனை ஏமாற்றுவதில்லை. காத்ததன் பலன் விரற்கடை விரற்கடையாக அவன் கண்முன்னே வளர்கிறது.

கூலிக்குக் காத்திருப்பது எந்த வகைப் பொறுமை? அது தறியின் பொறுமையன்று. அதன் பெயரைத் திருடிக்கொண்ட வேறொன்று! முன்பணம் வாங்கியவன் அது தீரும்வரை வேறு முதலாளியிடம் போகலாகாது என்று வாய் பொத்தி நின்றானே, அதற்கும் பொறுமை என்றுதான் பெயரிட்டார்கள். கரைப்பக்கம் அமர்ந்திருந்த அந்தத் துணை யார்? நெடுங்காலம், பள்ளியில் இருந்திருக்க வேண்டிய சிறுவன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலின் குழந்தைக் கொத்தடிமைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, காஞ்சித் தறிகளும் அதில் இடம்பெற்றன. இருபத்தேழு ஆண்டுப் பொறுமை! பின்னர்ச் சிறுவர்கள் தறிக்குழியிலிருந்து பள்ளிக்குப் போயினர் என்றால், அது பொறுத்தவரால் வந்ததன்று. பொறுக்க மாட்டோம் என்று கூவியவரால் வந்தது.

"வள்ளுவரே பொறையுடைமை பாடினாரே" என்று ஏடு விரிப்பார்கள். பாடினார். எங்கே பாடினார்? இல்லறவியலில்! பக்கத்து வீட்டான் இகழ்ந்தால் பொறுத்துக்கொள் என்று இல்லறத்தானுக்குச் சொன்னார். திருப்பி அடிக்க வல்லவன் கையை மடக்கிக்கொள்வதே அந்தப் பொறை. அரசியலுக்கு வந்ததும் அதே வள்ளுவர் கொடுங்கோன்மைக்குத் தனி அதிகாரம் வகுத்தாரே, அந்த ஏட்டை ஏன் புரட்டுவதில்லை? அவரையே நெசவாளி என்று செவிவழிக் கதை சொல்லும். தறியும் தெரிந்து அரசும் தெரிந்தவர் இரண்டையும் குழப்பவில்லை. குழப்புகிறவர்கள் நம் உபதேசிகளே!

அரசினரின் கணக்கைப் பார்ப்போம். கைத்தறிக்கென்று சில இரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் செய்தார்கள். ஆலை முதலாளிகளும் விசைத்தறிக்காரர்களும் வழக்கு மன்றம் ஏறினர். உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது 1993-இல். எட்டாண்டு காத்தவனுக்குக் கிடைத்தது என்ன? ஒதுக்கிய 22 இரகங்கள் 11 ஆகக் குறுகின. 2015-இல் சென்னையில் பிரதமர் தேசியக் கைத்தறி நாளைத் தொடங்கிவைத்தார், ஆகஸ்டு 7. ஐந்தாண்டு கழித்து, 2020-இல், அந்த நாளுக்குப் பதினொரு நாள் முன்பு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்தார்கள்! விழா இருக்கிறது, வாரியம் இல்லை. 2019-20 கணக்கெடுப்பின்படி நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருவாயில் காலந்தள்ளின. இந்தக் குடும்பத்தாரிடமா பொறுமை பற்றாக்குறை?

காஞ்சி நெசவாளர் எப்போதும் வாய்மூடிகளாக இருந்தவர்களுமல்லர். விசயநகர ஆட்சியில் தண்டும் சங்கும் உரிமையாகப் பெற்ற கைக்கோளர் காஞ்சியில் இருந்தனர். மற்ற ஊரார் அதைச் சான்று காட்டித் தமக்கும் கேட்டனர். 1953-இல் கைத்தறித் துணி தேங்கிக் குடும்பங்கள் பசித்தபோது, காஞ்சியில் பிறந்த அண்ணாதுரை பொறுமைக்கு உரையெழுதிக்கொண்டிருக்கவில்லை. துணியைத் தோளில் போட்டுத் தெருவில் இறங்கி விற்றார்.

மீண்டும் ஏரிக்கே வருவோம். ஏரி கட்டிய நம் முன்னோர் கரையை மட்டும் கட்டிவிட்டுப் போகவில்லை. மதகு வைத்தார்கள், கலங்கலும் வைத்தார்கள். மிஞ்சிய நீர் வழிந்தோட வழியில்லாத கரை எந்த மழையில் உடையும் என்பது உழவன் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். கலங்கலைக் கரைக்குப் பகை என்று எவனாவது சொன்னால் ஊர் சிரிக்கும். சங்கம், கோரிக்கை, வேலைநிறுத்தம் என்றால் மட்டும் "அமைதிக்குப் பகை" என்கிறார்களே!

அதே நெடுஞ்சாலையில் கிழக்கே, சுங்குவார்சத்திரம். சாம்சங் ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைத்து, 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கேட்டனர். காத்திருங்கள் என்றார்கள், காத்தனர். பிறகு 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். கைது செய்தார்கள், பந்தலைப் பிரித்தார்கள். தொழிலாளர் 37 நாள் நின்றனர். கேட்டதெல்லாம் கிடைத்ததா? இல்லை. ஆயினும் 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. அந்த 37 நாளும் கூலியின்றி வீட்டடுப்பை எரியவைத்த பெண்களின் பொறுமையைக் கேளுங்கள். ஒரு முடிவு நோக்கிப் பொறுத்தவர்கள் அவர்கள்.

தறிக்காரனுக்கு ஆலை வாயிலும் இல்லை, கூடி நிற்க ஓர் இடமும் இல்லை. அவன் தன் வீட்டுக் குழிக்குள் தனியே அமர்ந்திருக்கிறான். ஆகவே வாசக அன்பர்களே, தாமலைக் கடந்து பட்டெடுக்கப் போகும்போது, சேலையின் விலையைக் கேட்டபின் இதை நெய்தவருக்குக் கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள். கடைக்காரர் உடனே விடை சொல்லமாட்டார். வேறு சேலை எடுத்துக் காட்டுவார். எழுந்துவிடாதீர்கள். மறுபடி கேளுங்கள்.