நம் பிள்ளையின் அறிவை அளப்பது யார்?

"நான்காம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டெஸ்ட் எடுத்து வாருங்கள்" என்று டீச்சர் சொல்லிவிடுகிறார். சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் தாய் பிள்ளையோடு ஏறுகிறார். அன்றைய கூலி போயிற்று. என்ன டெஸ்ட், எதற்கு டெஸ்ட் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஊசி போடுவார்கள் என்று பயந்து பிள்ளை வழியெல்லாம் அழுகிறது. நம் தெருக்களில் இப்படிப் போய்வருகிறவர்கள் கொஞ்சம் பேர் அல்ல. குழந்தைகள் மருத்துவமனையில் உளவியல் சோதனை செய்பவர் என்ன செய்கிறார், அது நம் பிள்ளைகளுக்கு எங்கே கைகொடுக்கிறது, எங்கே இடறிவிடுகிறது என்று இன்று பேசுவோம்.

ஊசியும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி. சோதிப்பவர் கேள்வி கேட்பார், படம் காட்டுவார், சில எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார். செகின் பலகை என்று ஒன்று உண்டு. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து மரக்கட்டைகளை அதனதன் குழியில் வைக்க வேண்டும். மூன்று முறை வைக்கச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். பிறகு தாயிடம் கேட்பார்கள்: தானாகச் சாப்பிடுகிறதா, சட்டைப் பொத்தான் போடுகிறதா, கடைக்குத் தனியாகப் போய் வருகிறதா? இதை வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்பார்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு தாளில் ஓர் எண் வரும்.

அந்த எண்ணுக்குப் பெரிய கனம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று கிடைத்தால்தான் பல சலுகைகளின் கதவு திறக்கும். அப்படிச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்குத் தமிழக அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் இந்தச் சான்று வேண்டும். புத்தி நன்றாக இருந்தும் எழுத்து மட்டும் வசப்படாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைக் கற்றல் குறைபாடு என்கிறார்கள். அதற்குச் சான்று வைத்திருக்கும் மாணவர் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்கலாம், சொல்வதை எழுத ஆள் கேட்கலாம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்குக் கேட்கலாம். பட்டணத்துத் தனியார் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதெல்லாம் அத்துப்படி. நம் தெருவில் அதே குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கிடைக்கும் சான்று 'மக்கு' என்ற ஒரு சொல்தான். எட்டாம் வகுப்போடு சித்தாள் வேலைக்குப் போய்விடும்.

ஆகவே டெஸ்டே வேண்டாம், அது நம்மை மட்டம்தட்டத்தான் என்று சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அளப்பது எப்போதும் நமக்கு எதிரானதல்ல. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம் முன்னோரின் குடிசையையும் கூலியையும் நிலமின்மையையும் கணக்கெடுத்து எழுதிய அறிக்கைதான் 1892இல் பஞ்சமி நில ஆணைக்கு வழிவிட்டது. (அந்த நிலம் பிறகு யார் கைக்குப் போனது என்பது வேறொரு நாள் பேச வேண்டிய கதை.) அளவுகோல் யாருடையது, அதைப் பிடித்திருக்கும் கை எது என்பதுதான் நம் கேள்வி.

அளவுகோலை முதலில் பார்ப்போம். பாரிஸ் நகரில் ஆல்ஃபிரட் பினே 1905இல் இந்தச் சோதனையை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கத்தான். அறிவு பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டது, மாறாது என்று சொன்னவர்களை அவரே எதிர்த்தார். பினே சோதனையைக் காமத் என்ற அறிஞர் 1934இல் நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றினார். பினே-காமத் சோதனை என்ற பெயரில் இன்றும் அது பல மருத்துவமனைகளில் பயன்படுகிறது. அவர் அதைச் சரிபார்த்தது கன்னடமும் மராத்தியும் பேசிய பிள்ளைகளை வைத்து. தொண்ணூறு ஆண்டுக்கு முன் அந்தப் பள்ளிகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் இன்னொரு சோதனையான மாலின் அளவுகோல் 1969இல் நாக்பூரில் உருவானது. தமிழ் பேசும் கடலோரக் கிராமத்துப் பிள்ளையை மனதில் வைத்து இவற்றில் எதுவும் எழுதப்படவில்லை. நல்ல சோதனையாளர் இதை அறிவார். அறிந்துதான் எண்ணைப் படிப்பார். அவசரக்காரர் எண்ணை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்.

இது நமக்கு மட்டும் வந்த வில்லங்கமும் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கறுப்பினப் பிள்ளைகளை நுண்ணறிவுச் சோதனையைக் காட்டி 'மந்தபுத்தி' வகுப்புகளில் தள்ளினார்கள். லாரி என்ற பெயரில் அறியப்படும் வழக்கில் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். அந்த வகுப்புகளுக்குக் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரிக்க இந்தச் சோதனைகளைப் பயன்படுத்தக்கூடாது என்று 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்பளித்தார்.

நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களைப் புதிர்ப்பாதைகளில் வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மேல்சாதி மாணவர் 321 பேர், தலித் மாணவர் 321 பேர். சாதியைச் சொல்லாமல் வைத்த சோதனையில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோலவே செய்தார்கள். பிறகு ஒவ்வொருவரின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துவிட்டுத் தொடங்கினார்கள். தலித் மாணவர்கள் தீர்த்த புதிர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயின. மூளை அதே மூளை, புதிரும் அதே மாதிரிப் புதிர்தான். நடுவே புகுந்தது சாதிப்பெயர் ஒன்றுதான்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம். சீட்டு எழுதுமிடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி "ஊரா, காலனியா?" என்று கேட்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தது 2025 ஏப்ரலில். வாய்ப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு உள்ளே போய் உட்காரும் பிள்ளை எந்தத் தெம்போடு கட்டையை அடுக்கும்? பெரியவர்கள் முன்னால், ஆபீசர் முன்னால் வாயைத் திறக்காதே என்றுதான் நாமும் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். அது வீட்டில் மரியாதை. சோதனைத் தாளில் அதற்குப் பூஜ்யம். 'இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது' என்று புத்தகத் தமிழில் கேட்டால் விழிக்கும் பிள்ளை, 'ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்பா' என்று கேட்டால் மளமளவென்று சொல்லும். விடை தெரியாததும் கேள்வி புரியாததும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் சோதிப்பவரின் தொழில். பிள்ளையோடு முதல் பத்து நிமிடம் சும்மா பேசி, பயத்தைத் தெளியவைத்து, காலையில் சாப்பிட்டதா, கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார்த்த பிறகே தாளை எடுக்க வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்குத் தேவை மூக்குக் கண்ணாடி.

பெற்றோரும் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளையின் நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுபோங்கள். பசியோடு அழைத்துப் போகாதீர்கள். எந்தச் சோதனை வைத்தீர்கள், எண்ணுக்கு என்ன அர்த்தம், இனி என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பயத்தில் பேசவே இல்லை என்றால், வேறொரு நாள் வருகிறோம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்று, ஊர்த் தெரு, சேரி, மீனவர் குப்பம், இருளர் குடியிருப்பு என எல்லா இடத்துப் பிள்ளைகளையும் சேர்த்துச் சரிபார்த்த ஒரு சோதனையை நம் பல்கலைக்கழகங்கள் உருவாக்க வேண்டும். பள்ளிக்கு வரும் டாக்டர் குழு பரிந்துரைக்கும் பிள்ளைகளுக்குத் தாலுகா அளவிலேயே சோதனை வைக்க ஆள் போட வேண்டும்.

அந்த ஆளாக நம் மாணவர்கள் ஏன் வரக்கூடாது? டாக்டர், நர்ஸ், போலீஸ், டீச்சர் என்று நம் வீடுகளில் கனவுகள் உண்டு. மருத்துவ உளவியலாளர் என்றொரு வேலை இருப்பதே பிளஸ் டூ மாணவருக்குத் தெரிவதில்லை. சேரியில் வளர்ந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால், பிள்ளை பேசாமல் இருப்பது அறியாமையாலா அச்சத்தாலா என்பதைக் கண்டுகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகாது. படிப்பு நீளம்தான். பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் இளநிலை உளவியலில் சேரலாம். அடுத்து முதுநிலை. அதன் பிறகு இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த மருத்துவ உளவியல் பயிற்சி. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்யலாம். பயிற்சி முறையில் மாற்றங்கள் வந்துகொண்டிருப்பதால், சேரும் ஆண்டில் குழுமத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகைக்குக் கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பித்துவிட வேண்டும்.

வெகுதூரம் போய்த் தேடவும் வேண்டாம். பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் நம் மாவட்டத்தில், முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சோதனையும் சிகிச்சையும் அங்கே உண்டு, இந்தத் துறைப் படிப்புகளும் உண்டு. மத்திய அரசு நிறுவனம் என்பதால் சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத இடஒதுக்கீடு. கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம், கோவளம் வழியாகச் சென்னை போகும் பஸ்ஸில் ஏறினால், அதே சாலையில் இறங்கிக்கொள்ளலாம்.