தலைக்கணக்கும் தன்மதிப்பும்

சமயம் உள்ளத்திற்குரியது, சமயப் பிரிவுகளோ ஊருக்கும் உரியவை. பள்ளி நடத்துவதும், பிணியாளரைப் பேணுவதும், மணத்தையும் சாவையும் முறைப்படுத்துவதும் அவற்றின் பணிகளாய் இருக்குமட்டும், அரசியலில் அவற்றின் குரல் ஒலிப்பதைத் தவறென்று எவரும் சொல்ல இயலாது. தன்னைச் சார்ந்தோர்க்கு நேர்ந்த கொடுமையை ஆள்வோர் முன் எடுத்துரைப்பது எந்தப் பிரிவிற்கும் கடமையே ஆகும். ஆனால், நம்மவர் எத்தனை பேர், பிறர் எத்தனை பேர் என்னும் தலைக்கணக்கே அதன் அரசியலாகிவிடும் நாளில், எண்ணப்படும் மனிதன் பட்ட துன்பம் எவர் கண்ணிலும் படாமற் போகிறது. தென்காசிச் சீமையில் 1981ஆம் ஆண்டு நிகழ்ந்தது அதுவே.

சமயங்கள் ஒன்றையொன்று நெருக்கியும் தழுவியும் வாழ்ந்த மண் இது. குற்றாலநாதர் கோயில் முன்னாளில் திருமாலுக்குரியதாய் இருந்ததென்றும், அகத்தியர் அதனைச் சிவன் கோயிலாக்கினார் என்றும் தலபுராணம் பெருமையோடு கூறுகிறது; சைவமும் வைணவமும் நடத்திய நெடிய வழக்கின் சுவடு அக்கதையில் உறைந்திருப்பதாகவே கருதுகிறோம். கடையத்தை அடுத்த பொட்டல்புதூரில் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் கந்தூரிக்கு இந்துக்களும் நேர்த்திக்கடன் செலுத்த வருவது வழிவழி வந்த வழக்கம். பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதனைக் காப்பவர் எவராயினும் அவரடி பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்தான். நெல்லைச் சீமையில் தனித்தனிக் கழகங்களாய் வந்து பணியாற்றிய சீர்திருத்தச் சபைகள், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அதில் ஒன்றாயின. பிரிவுகள் தோன்றுவதும் கூடுவதும் இங்குப் புதிதன்று. தாழ்த்தி வைக்கப்பட்டவன் எந்த வாயிலில் நுழைந்தாலும் சாதி அவனைப் பின்தொடர்ந்து வந்தது என்பதும் புதிதன்று.

செங்கோட்டைக்கும் பண்பொழிக்கும் அண்மையிலுள்ள மீனாட்சிபுரத்தில், 1981 பிப்ரவரி 19 அன்று, தேவேந்திர குல வேளாளர் குடும்பங்கள் ஏறத்தாழ நூற்றெண்பது ஒருசேர இஸ்லாத்தைத் தழுவின. நெல்லையைச் சேர்ந்த இஷாஅத்துல் இஸ்லாம் சபை அச்சடங்கை முன்னின்று நடத்தியது. ஓராண்டிற்கு முன்வரை மாவட்டத்திற்கு வெளியே பெயர் அறியப்படாத அச்சிற்றூர், சில திங்களில் தில்லியில் பேசப்படும் பொருளாயிற்று. வாஜ்பாய் உள்ளிட்ட தலைவர்கள் நேரில் வந்தனர். ஆரிய சமாஜத்தார் தாய்ச் சமயம் திரும்புமாறு அழைத்தனர். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் கரண் சிங் தலைமையில் தில்லியில் பெரும் இந்து மாநாடு கூடியது. 1983இல் விசுவ இந்து பரிசத் நாடு தழுவிய ஏகாத்மதா யாத்திரையை நடத்தியது. பின்வந்த பத்தாண்டுகளின் இந்திய அரசியல் எத்திசையில் சென்றதென்று ஆராய்வோர் பலர், தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக இவ்வூரையே சுட்டுவர்.

வந்தவர்கள் அனைவரும் கேட்ட கேள்வி ஒன்றே: வளைகுடாப் பணம் வந்ததா? ஊரார் சொன்ன மறுமொழியோ வேறு. தேநீர்க் கடையில் தனிக் குவளை, அமர இடமின்மை, மேற்சாதியார் தெருவில் நடக்கும்போது காலணியைக் கையிலெடுக்க வேண்டிய இழிவு, காவல் துறையின் கெடுபிடி, படித்து வேலைக்குச் சென்ற பின்னும் பெயருக்கு முன் சாதியே நிற்பது ஆகியவற்றையே அவர்கள் எடுத்துரைத்தனர். நேற்றுவரை ஒருமையில் விளித்தவர்கள், தொப்பி அணிந்தவுடன் ‘பாய்’ என்றழைத்து விசிப்பலகையில் இடம் தந்தனர் என்று மதம் மாறியோர் கூறியது அக்காலச் செய்திகளில் பதிவாகியுள்ளது. அந்த ஒரு சொல்லுக்காக ஒருவன் தன் முன்னோர் வழிபட்ட தெய்வத்தை விட்டு நீங்குகிறான் எனில், அவனுக்கு அதுவரை மறுக்கப்பட்டது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் அவனை இழந்ததாக வருந்துவோரே.

அம்மறுப்பை நீக்கும் முயற்சிகள் முன்பே தொடங்கியிருந்தன. திருவிதாங்கூர் ஆலய நுழைவு அறிவிப்பு 1936இல் வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதய்யர் முன்னின்று ஆலயப் பிரவேசம் நடத்தியது 1939இல். தீண்டாமையைக் குற்றமாக்கிய நடுவண் சட்டம் 1955இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் இப்பகுதியில் எத்தனை வழக்குகள் பதிவாயின, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர் என்று 1981இல் மேடையேறி வினவியோர் மிக அரியர். நீதியின் ஏட்டைப் புரட்டாமல் சமயத்தின் ஏட்டை மட்டும் புரட்டியதே அன்று ஆண்டோரும் எதிர்நின்றோரும் ஒருங்கே செய்த பிழை.

அப்பிழைக்கு வரலாறு தொடர்ச்சி எழுதியது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறித்தவரும் மோதி உயிர்கள் பலியாயின. அங்குச் சென்று இரு தரப்பாரிடமும் அமைதிக்காக உழைத்த குன்றக்குடி அடிகளாரை, சமயத் தலைவர் ஒருவர் அரசியல் வெளியில் ஆற்றக்கூடிய பணிக்கு முன்மாதிரியாக இன்றும் போற்றுகிறோம். மோதலை ஆராய்ந்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. மோதல் நிகழ்ந்து இருபது ஆண்டுகள் கழித்து, 2002இல், தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொணர்ந்தது. 2004இல் அவ்வரசே அதனைத் திரும்பப் பெற்றது. வற்புறுத்தலையும் வஞ்சகத்தையும் தண்டிப்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால், மாற்றப்படுவோர் பெண்களாகவோ பட்டியல் சாதியினராகவோ இருப்பின் தண்டனை மிகும் என்ற அச்சட்டத்தின் விதி, தன் நம்பிக்கையைத் தானே தேர்ந்தெடுக்கும் அறிவு அவர்க்கில்லை என்று கருதியதையே காட்டிற்று. பாதுகாப்பு என்னும் பெயரில் வந்த இழிவாகவே அதனைக் காண்கிறோம்.

மோதல்கள் அத்தோடு நிற்கவில்லை. தென்காசி நகரில் 2007 ஆகஸ்டு 14 அன்று இரு சமயத்தவர் மோதி அறுவர் மாண்டதையும் இவ்வூர் மறந்திருக்க முடியாது.

இவற்றினும் ஆழ்ந்த சிக்கல் ஒன்று சட்டத்திற்குள்ளேயே கிடக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத்திற்கோ இஸ்லாத்திற்கோ சென்றவர் அத்தகுதியை இழப்பர். தென்காசி மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டது. சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர்ச் சட்டமன்றத் தொகுதிகளும் அவ்வாறே. மீனாட்சிபுரத்தில் ஒரே தெருவில் ஒரே குடும்பத்தில் பிறந்த இருவருள், மாறாதவர் அத்தொகுதிகளில் போட்டியிடலாம், மாறியவர் இயலாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் மாறியவரை விட்டு நீங்கிவிடும். தீண்டாமை சமயம் கேட்டு நிற்பதில்லை. தனிக் கல்லறைத் தோட்டங்களைக் கண்ட தமிழகத்துத் திருச்சபைகளே இதற்குச் சான்று. அவ்வாறிருக்க, காப்பு மட்டும் சமயம் கேட்டு நிற்பது எவ்வகை அறம்?

மாறியவர்க்கும் இத்தகுதியை அளிப்பதற்கு எதிராக எழும் அச்சத்தை நாம் எளிதாய்த் தள்ளிவிட விரும்பவில்லை. இருக்கின்ற இடங்கள் சிலவே. புதியோர் சேர்ந்தால் தம் பங்கு குறையுமென்று பட்டியல் சாதியினருள் பலர் கவலைப்படுவது நியாயமானது. 2007இல் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிசுரா ஆணைய அறிக்கை, இத்தகுதியைச் சமயத்திலிருந்து பிரிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்துப் பல்லாண்டுகள் கழிந்தும், அதனை ஏற்கவும் நேர்மையாய் மறுக்கவும் துணிவின்றி ஆட்சிகள் மாறின. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

அவ்வாணையத்தின் முடிவு எதுவாயினும், தென்காசி மாவட்டத்தில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியும் 1950ஆம் ஆண்டு ஆணையில் தன் நிலை என்னவென்பதைத் தேர்தல் அறிக்கையில் எழுத்தில் தர வேண்டும். ஏற்பதெனில், இப்போதுள்ளோர் பங்கு குறையாமல் இடங்களைப் பெருக்கும் வழியை உடன் கூற வேண்டும். மறுப்பதெனில், மாறியவர் மீது நிகழும் கொடுமையைத் தண்டிக்க வேறு எச்சட்டம் உண்டென்று காட்ட வேண்டும். ஆதீனங்களும், திருமண்டலங்களும், ஜமாஅத்துகளும் தத்தம் ஆளுகைக்குட்பட்ட கோயிலிலும் கல்லறையிலும் மண உறவிலும் சாதி எந்நிலையில் உள்ளதென்பதைத் தாமே ஆராய்ந்து வெளியிடட்டும். மாவட்ட ஆட்சியரகமோ, தீண்டாமைப் புகார்களின் எண்ணிக்கையையும் அவற்றுள் தண்டனையில் முடிந்தவற்றையும் ஊர்வாரியாக ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். செங்கோட்டை வட்டத்தின் ஏட்டிலிருந்தே அப்பணி தொடங்கட்டும்.