மந்து மண்டலமான கதை

ஏப்ரல் பிறந்தால் போதும், தி. நகர் உஸ்மான் சாலை, பாண்டி பஜார் பக்கம் டூரிஸ்ட் ஆபீஸ் பலகைகளில் ஊட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூணு பகல், ரெண்டு ராத்திரி. ஏரி, ரோஜாத் தோட்டம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, பொம்மை ரயில். இந்த வரிசையின் கடைசியில் எங்கேயாவது ‘தோடர் கிராமம்’ என்று ஒரு வரி இருக்கும். ஒரு ஏரி, ஒரு பூங்கா, ஒரு சிகரம், ஒரு ஜனம். எல்லாத்துக்கும் சேத்து ஒரே டிக்கெட்.

இது ஊட்டிக்கு மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் லிஜியாங் என்று ஒரு பழைய மலை நகரம், நாசி இனத்தவருடையது. 1996இல் பெரிய பூகம்பம், 1997இல் யுனெஸ்கோ பட்டியல். அதற்கப்புறம் கூட்டம் குவியக் குவிய, நாசிக்காரர்கள் தங்கள் வீட்டை வெளியூர் வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் புதுநகரத்துக்குக் குடிபோனார்கள். அவர்களுடைய டோங்பா எழுத்து கடைப் பலகையிலும் டி-சர்ட்டிலும் இருக்கிறது. எழுதியவர்கள் அங்கே இல்லை. ஹுனான் மாகாணத்தில் ஃபெங்ஹுவாங் என்று இன்னொரு ஊர். மியாவ், துஜியா மக்களின் ஊர். 2013இல் ஊருக்குள் நுழையவே 148 யுவான் கட்டணம் என்று போட்டார்கள். உள்ளூர்க் கடைக்காரர்கள் கடையை அடைத்துப் போராடினார்கள். 2016இல்தான் அந்தக் கட்டணம் எடுக்கப்பட்டது. மியாவ் பெண்களின் உடையையும் வெள்ளித் தலையணியையும் வாடகைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டோ பிடித்துக்கொள்வது அங்கே ஒரு தொழில். பெரும்பான்மை இனத்தவன் சிறுபான்மை இனத்தவனின் சட்டையை ஒரு மணி நேரத்துக்குப் போட்டுப் பார்க்கிறான். கம்யூனிஸ்ட் நாடோ ‘ஜனநாயக’ நாடோ, இந்த ஒரு விஷயத்தில் ஒரே புத்திதான் வேலை செய்கிறது.

ஊட்டிக்கு வருவோம். ஊரின் பெயரே ஒரு சாட்சி. தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஒத்தைக்கல் மந்து என்பதிலிருந்து வந்ததுதான் ஊட்டியின் பெயர் என்று பலரும் சொல்வார்கள். வெள்ளைக்காரன் வாயில் அது உட்டகமண்ட் ஆனது. நம்ம ஆட்கள் அதைச் சும்மா விடுவார்களா? உதகமண்டலம் என்று சமஸ்கிருத வாசனை பூசினார்கள். உதகம் என்றால் தண்ணீர். தோடரின் மந்து மண்டலமாகிவிட்டது.

கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1822இல் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பது எல்லாரும் சொல்கிற கதை. வழிகாட்டிகள் சொல்லாத பாதி ஒன்று உண்டு. இந்த நிலத்துக்கு உடைமைக்காரர்கள் தோடர்களே என்று பின்னாளில் அரசாங்கத்தோடு வாதாடியவரும் அதே சல்லிவன்தான். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. மேய்க்கும் உரிமை மட்டும்தான், மண் சர்க்காருடையது என்று முடித்தார்கள். அன்றைக்கு எழுதிய அந்த ஒரு வரிதான் இன்றைக்கு வரைக்கும் பழங்குடிகளின் தலைக்கு மேல் தொங்குகிறது. மேய்ச்சல் புல்வெளியில் சீகை மரம் நட்டார்கள், தைலமரம் நட்டார்கள், பைன் நட்டார்கள். எருமைக்குப் புல் போச்சு. சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்து பிடித்துவைத்த ஊற்றுத் தண்ணீரும் குறைஞ்சு போச்சு. பைன் மரத்தடியில் கதாநாயகி ஓடி வருகிற பாட்டை எத்தனை சினிமாவில் பார்த்திருக்கிறோம்! அவள் ஓடுவது எருமைகளின் மேய்ச்சல் நிலத்தில் என்று யாருக்கு உறைத்தது?

மலையில் இத்தனை ஜனம் இருக்கும்போது பலகையில் தோடருக்கு மட்டும் ஏன் இடம்? தமிழ்நாட்டில் ‘மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்’ என்று அரசு குறித்துவைத்திருப்பது ஆறு இனங்களை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள். தோடரின் எண்ணிக்கை 2011 கணக்கெடுப்பில் சுமார் 2,000தான். காரணம் வேறொன்றுமில்லை. வெள்ளைக்கார மானிடவியலின் கண்ணுக்குத் தோடர் அழகாகத் தெரிந்தார். உயரம், தாடி, மேலே போர்த்திய பூத்துக்குளி, அரைப்பீப்பாய் வடிவக் கோயில், ஒரு பெண்ணுக்குப் பல கணவர். 1906இல் ரிவர்ஸ் தோடரைப் பற்றித் தடித்த புத்தகம் போட்டார். அதற்கப்புறம் உலகமே அந்தப் புத்தகத்தின் கண்ணாலேயே அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை எங்கள் கிளையிலிருந்து எல்.எஃப்.சி. போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனோம். பூங்காவுக்கு மேலே இருக்கிற மந்துக்கு ஏறினோம். மயிலாப்பூர் மாடவீதிக்காரர் ஒருத்தர், பஸ்ஸில் ஏறியதிலிருந்து ‘நம்ம கல்ச்சர்’ பற்றியே பேசிக்கொண்டு வந்தவர், பூத்துக்குளியில் சிவப்பும் கறுப்புமாக நூல் கோத்துக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, ஒங்கள்ல ஒரு பொண்ணுக்கு நாலு புருஷனாமே?” அந்த அம்மா தலை நிமிரவில்லை. “நேத்து வந்தவங்களும் இதத்தான் கேட்டாங்க சார். போர்வ வாங்குறீங்களா?” என்றார். பஸ்ஸில் திரும்பும்போது இது ஒரு ஜோக் ஆகிவிட்டது. அந்த எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மந்திரி, அதிகாரி யார் வந்தாலும் அதுதான் பொன்னாடை. போர்வைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்த அளவுக்கு, போர்த்துகிறவரின் மேய்ச்சல் நிலத்துக்கு வரவில்லை.

இதில் நமக்கு என்ன, அது பழங்குடிகள் பிரச்சினைதானே என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். எட்கர் தர்ஸ்டன் என்பவர் 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கையில் அளவுகோலோடு அலைந்தவர், மூக்கின் அகலத்தை அளந்து சாதியைப் புரிந்துகொள்ள முடியும் என்று நம்பியவர். 1896இல் அந்த அருங்காட்சியகம் வெளியிட்ட அவருடைய அறிக்கை ஒன்றின் தலைப்பில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் தெரியுமா? நீலகிரியின் தோடரும் கோத்தரும், சென்னைப் பட்டணத்தின் பார்ப்பனரும் கம்மாளரும் பள்ளிகளும் பறையரும். அதே அளவுகோல் நம்ம பாட்டன் மூக்கிலும் வைக்கப்பட்டது. தோடர் ‘அழகான ஆதிமனிதர்’ ஆனார், பறையர் ‘தாழ்ந்த சாதி’ ஆனார். அளந்தவன் ஒருத்தன்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீலகிரியைப் பற்றி எழுதிய மானிடவியலாளர்கள் தோடர், படுகர், கோத்தர், குறும்பர் இடையே இருந்த கொடுக்கல் வாங்கலை ‘ஒத்திசைவு’, ‘பரிமாற்றம்’ என்று மெச்சி எழுதினார்கள். தோடர் பால் கொடுத்தார், படுகர் தானியம் கொடுத்தார், கோத்தர் இரும்பும் பானையும் இசையும் கொடுத்தார், எவ்வளவு அழகு! தோடர் வீட்டுச் சாவுக்கும் படுகர் வீட்டுச் சாவுக்கும் வாசித்தவர் கோத்தர். சாவில் வெட்டிய எருமையின் உடல் கோத்தருக்குப் போகும். அதைத் தின்பதால் கோத்தர் தீட்டுக்காரர் என்றும் சொல்லப்பட்டது. இதைப் படிக்கிற ஒரு சேரிப் பையனுக்கு இது ‘பரிமாற்றம்’ மாதிரியா தெரியும்? கோத்தரின் தோல் வாத்தியத்துக்குப் பெயர் தபட்க். நம்ம தப்பட்டைதான், வேறென்ன. தோடரின் பால்மனைக் கோயிலுக்குள் பெண் நுழையக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆதிவாசி என்றாலே சமத்துவ சொர்க்கம் என்று கனவு காண்கிற நம்ம கவிஞர்களுக்காக.

கோத்தர்கள் செய்த காரியம் ஒன்று நமக்கு முக்கியம். இருபதாம் நூற்றாண்டில் மெள்ள மெள்ள மற்றவன் வீட்டுச் சாவுக்கு வாசிப்பது பெரும்பாலும் நின்றுபோனது. தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் சாவுக்கும் வாசிப்பதை அவர்கள் விடவில்லை. பறை இழிவின் குறியா எதிர்ப்பின் குறியா, அடிப்பதா எரிப்பதா என்று தொண்ணூறுகளில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் கலைவிழாக்களிலிருந்து நம்ம சிறுபத்திரிகைகள் வரை மண்டை உடைய விவாதித்தோமே, அந்தக் கேள்வியைச் சத்தம் போடாமல் சந்தித்தவர்கள் மலைமேல் இருந்திருக்கிறார்கள்.

சரி, பலகைக்கு வராத ஜனத்தைப் பார்ப்போம். கூடலூர்ப் பக்கம் போனால் பணியர்கள். வயநாட்டின் வள்ளியூர்க்காவு திருவிழாவில், பகவதி சன்னிதியில் வைத்து, நிலவுடைமைக்காரன் பணியனை ஒரு வருஷத்துக்கு அடிமையாக எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 1988இல் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூர்த் தெருவில் ஊர்வலம் போனார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் அப்படித் திரண்டு வந்ததுதான். 2006 வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் வருஷக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. முதுமலை புலிகள் காப்பகமானது மட்டும் 2007இலேயே நடந்துவிட்டது. தெப்பக்காட்டு யானை முகாமின் காட்டுநாயக்கத் தம்பதியைப் பற்றிய படத்துக்கு 2023இல் ஆஸ்கர் கிடைத்தபோது, நம்ம ஊர் டூரிஸ்ட் பலகைகளுக்கு ஒரு புதிய வரி கிடைத்தது.

தேயிலைச் செடிக்கு நடுவே குனிந்து நிற்கிற பெண்கள் போட்டோவில் தூரத்துப் புள்ளியாக வருவார்கள். யார் அவர்கள்? 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். இலங்கை மலையகத்தில் நூற்றைம்பது வருஷம் ரத்தம் கொட்டிய ஜனம். பாதிக்கு மேல் பறையர், பள்ளர், சக்கிலியர். நீலகிரிக்கு வந்தவர்களுக்காக ஏற்படுத்தியதுதான் டான்டீ. அங்கே ‘இந்தியாக்காரன்’ என்றார்கள், இங்கே வந்தால் ‘சிலோன்காரன்’ என்றார்கள். 2022இல் டான்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்ற தொழிலாளி லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வந்தது. மூன்றாம் முறை வேரோடு பிடுங்குவது. இது எந்த டூரில் வருகிறது?

இன்னொரு ஊட்டி இருந்திருக்கிறது. அது நம்ம ஊட்டி. சென்னையில் பிறந்த அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்தது நீலகிரியில். 1870களில் அங்கே அத்வைதானந்த சபை நடத்தினார். தோடர் உள்ளிட்ட மலைமக்களையும் சேர்த்துத் திரட்டினார் என்று சொல்லப்படுகிறது. 1891 டிசம்பர் 1ஆம் தேதி திராவிட மகாஜன சபையின் மாநாட்டை ஊட்டியில் கூட்டினார். கல்வி, உத்தியோகம், பொதுக்கிணறு என்று பத்துத் தீர்மானம் போட்டு காங்கிரசுக்கு அனுப்பினார்கள். ‘பறையன்’ என்றே 1893இல் பத்திரிகை தொடங்கிய ரெட்டைமலை சீனிவாசனும் சென்னைக்கு வருமுன் நீலகிரியில் கணக்கராக இருந்தவர்தான். அடையாறு பிரம்மஞான சபையின் ஆல்காட், 1894இல் நம்ம பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினாரே, அவரோடு பண்டிதர் இலங்கைக்குப் போய் 1898இல் பௌத்தம் தழுவினார். ஒன்பது வருஷம் கழித்து ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’. மலையிலிருந்து மயிலாப்பூர் எல்லை வரைக்கும் அரசியல் இறங்கி வந்த பாதை இது. அந்தக் காலத்திலேயே ஒரு தலித் தலைவர் ஊட்டிக்குப் போனதும் தோடரிடம் பேசியதும் எருமையைப் பார்க்க இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நம்மையும் பலகையில் ஏற்றுகிற வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2007இல் சென்னை சங்கமம் தொடங்கியதிலிருந்து பறை பூங்காவுக்கும் கடற்கரைக்கும் வந்துவிட்டது. நான் அதற்கு எதிரி இல்லை. என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினவன். ஆனால் கைதட்டுகிற அதே நகரம் என்ன செய்கிறது? 2022 மே மாதம், மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய் ஓரம் கோவிந்தசாமி நகர் வீடுகளை நீதிமன்ற உத்தரவைக் காட்டி இடித்தார்கள். ஒருவர் தீக்குளித்துச் செத்தார். கபாலீஸ்வரர் குளத்தைச் சுற்றிப் ‘பாரம்பரிய நடை’ போகிறவர்களுக்கு அந்தக் கால்வாய் ரொம்ப தூரம் இல்லை. இடித்த வீட்டுக்காரர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்புவது இங்கே இருபத்தைந்து வருஷப் பழக்கம். அங்கேயிருந்து பஸ் பிடித்து வந்து, முன்னே தான் குடியிருந்த தெருவிலேயே மேடை ஏறிப் பறை அடித்துவிட்டுப் போகிற பையன்கள் இருக்கிறார்கள். லிஜியாங் நாசிக்காரன் கதைதான்.

கல்லூரித் தோழர்கள் இந்தக் கோடையில் ஊட்டிக்குப் போவதாக இருந்தால் போங்கள். நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மூணு பகலில் ஒரு பகலைக் கூடலூருக்கு ஒதுக்குங்கள். ஆதிவாசி சங்கத்துக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டு, வரச்சொன்னால் மட்டும் போங்கள். லயத்துக் குடியிருப்பில் நம்ம சொந்தக்காரர்கள் பலருக்கும் ஒருத்தராவது இருப்பார்கள். வீட்டுப் பெரியவங்ககிட்ட விசாரிச்சு முகவரி வாங்கிக்குங்க. காமிராவைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்பினால் இந்தப் பத்திரிகையில் போடலாம்.