பெருக்கத் தெரிந்தவருக்குக் கழிக்கத் தெரியாதா?

தை மாதத் திருவிழாவுக்கு வந்த சிங்கப்பூர் நண்பர், சோலைமலை அழகர் கோயிலில் வாழைப்பழச் சூறை விட்ட கையோடு, பி.காம். முடித்த சேவுகம்பட்டிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஒரு பிரசங்கத்தையும் சூறை விட்டுப் போயிருக்கிறார். நிதித்துறையில் படித்தவன் இந்தியாவில் உட்கார்ந்திருப்பது வீண், கடன்பட்டாவது விமானம் ஏறு என்பது சாரம். இடரை எடைபோட்டு விலை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் தொழில்காரர், பேச்சு முழுக்க அந்த இடரை ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லையே, ஏன்?

சிங்கப்பூரில் நிதித்துறை வேலை அனுமதிக்குக் குறைந்தபட்சச் சம்பளமே 6,200 வெள்ளி, நம் காசில் 4 லட்சம் என்று அவர் பெருக்கிக் காட்டியதும் கைதட்டல். 2025 ஜனவரியில் வந்த அந்தத் தொகை, கிடைக்கப்போகும் சம்பளம் அல்ல ஐயா. அதற்குக் கீழே என்றால் உள்ளேயே விடமாட்டோம் என்று அந்நாட்டு மனிதவள அமைச்சு எழுப்பிய சுவர், வயது ஏற ஏற அதுவும் உயரும். வரவை மட்டும் ரூபாயாக்கிவிட்டு வாடகையை வெள்ளியிலேயே மறந்துவிடும் கணக்கை, வத்தலக்குண்டு மண்டிக் குமாஸ்தாகூட எழுதமாட்டார்.

அடுத்த வாதம் இன்னும் அழகு: அங்கே நம் ஆட்கள் நிறைய, பார்த்துக்கொள்வார்களாம். 2023 செப்டம்பரிலிருந்து அங்கே 'காம்பஸ்' என்றொரு புள்ளிமுறை இருக்கிறது, 40 புள்ளி எடுத்தால்தான் அனுமதி. சேரப்போகும் பெரிய நிறுவனத்தின் உயர்நிலை ஊழியர்களில் நாலில் ஒருவர் ஏற்கெனவே இந்தியர் என்றால், நாட்டினப் பன்மைக்கான புள்ளி பூஜ்யம். நம் ஆட்கள் நிறைந்திருப்பதே நமக்கு வினையாகும் ஊரில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

பிறகு, கடல் தாண்டித்தானே செழித்தார்கள் என்று நகரத்தாராகிய செட்டியார்களை இழுத்தார். இங்கேதான் அவருடைய சரித்திர ஞானம் சந்தி சிரிக்கிறது. நகரத்தார் கடல் தாண்டியது சொந்த முதலோடு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி மேலாளாகும்வரை தொழில் கற்கக் கட்டணம் கட்டவில்லை, சம்பளம் வாங்கினான். குடும்பம் ஊரில், மூன்றாண்டுத் தவணை முடிந்தால் அவனும் ஊரில். அத்தனை முன்ஜாக்கிரதைக்காரர்களுக்கே என்ன ஆயிற்று? 1930களின் மந்தத்தில் கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாக வந்து சேர, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு வயல் அவர்கள் தலையில் விழுந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், 1948இல் நிலத் தேசியமயச் சட்டம் வந்தது, பத்திரங்கள் மட்டும் பெட்டியில் மிஞ்சின. எம்.சிடி.எம்.சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. கடல் தாண்டிய நகரத்தார் எத்தனை காலை இந்தக் கரையில் ஊன்றியிருந்தார்கள் என்று நண்பர் எண்ணிப் பார்த்ததுண்டா?

இந்தியாவில் நிதித்துறையே இல்லை என்கிறார். உலக வங்கி தன் கணக்கு வழக்கைத் தரமணியிலும் பார்க்கிறது. ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியின் சேவை மையம் 2001இலேயே சென்னைக்கு வந்துவிட்டது. அதெல்லாம் பின்கட்டு வேலை என்பார். உண்மைதான், முடிவெடுக்கும் மேசை லண்டனிலும் சிங்கப்பூரிலும்தான் கிடக்கிறது. அந்த மேசைக்கு அழைப்பு வந்தவன் இன்றைக்கே போகட்டும், நானே மதுரை விமான நிலையம்வரை வருகிறேன். இவர் அழைப்பது அதற்கா? லண்டனில் ஓராண்டு முதுகலைக்கு. படித்து முடித்தபின் வேலை தேடித் தங்க 2 ஆண்டு. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவருக்கு அதுவும் 18 மாதம். பிள்ளை பிடித்துத் தரும் ஏஜெண்டுக்குப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருவது ஊரறிந்த சங்கதி. வாசலில் கொடுத்த நோட்டீசில் இருந்த செல்போன் எண் நண்பரின் மைத்துனருடையது என்பது நம் தெரு மட்டும் அறிந்தது.

கடன்தானே, வங்கி தராதா என்றார். தரும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக அடமானம் கேட்கும். வழக்குப் போடாமலே அடமானத்தைக் கைப்பற்ற வங்கிக்கு வழிவிடும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தின்மேல் பாயாது என்பதால் தென்னந்தோப்புப் பத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு வீட்டுப் பத்திரத்தின்மேல் கண்வைக்கும். பையனுக்கு வேலை அமையும்முன் தவணை தொடங்கிவிட்டால், வீட்டைக் காப்பாற்ற அப்பா தோப்பை விற்பார். பின்னாளில் பையன் பவுண்டில் புரண்டாலும் அதைத் தன் பெயரில் திரும்ப வாங்க முடியாது, ஏனென்றால் வெளிநாட்டுவாழ் இந்தியர் விவசாய நிலம் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை. இந்த விதி நண்பருக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போன வாரம் அவர் விலைபேசி முடித்த மூன்று ஏக்கர் தோப்புக்கு அச்சாரச் சீட்டு அதே மைத்துனர் பெயரில்தானே எழுதியிருக்கிறது?