"டீச்சர், நாளைக்கு இன்டர்வியூவுக்கு என்னத்த உடுத்துட்டுப் போற?"



கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகளை வளர்க்கிற உம்மா வாப்பாமாரும் வேலை தேடுகிற தங்கச்சிமாரும் பொறுமையாக வாசித்தால் நல்லம். நகரத்தில் கடை, கம்பனி வைத்திருக்கிறவர்களும் வாசிக்கலாம். உங்களுக்கும் கடைசியில் ஒரு விசயம் இருக்கிறது.

போன வாரம் இரவு பத்து மணி இருக்கும். என்னிடம் படித்த பிள்ளை ஒன்று வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பியிருந்தது. ஒன்றில் கறுப்பு அபாயா. மற்றதில் நீளப் பாவாடை, நீளக்கை பிளவுஸ், ஸ்கார்ஃப். மூன்றாவதில் சாச்சியின் சாரி. எல்லாம் கட்டிலில் விரித்துப் போட்டு எடுத்த படங்கள். பின்னால் குரல் பதிவு வந்தது.

"டீச்சர், நாளைக்கு காலையில ஒன்பதரைக்கு இன்டர்வியூ. டவுன்ல ஒரு கம்பனி, கணக்குப் பகுதி. அபாயாவோட போனா எடுக்க மாட்டாங்க எண்டு சாச்சி சொல்றா. சாரி கட்டிட்டுப் போனா வாப்பாவோட மொகத்தப் பாக்க ஏலாது எண்டு மாமி சொல்றா. நானா 'என்னத்தயாவது உடுத்துட்டுப் போ, முதல்ல வேலைய எடு' எண்டு சொல்றான். நீங்க சொல்லுங்க டீச்சர்."

பிள்ளையின் வாப்பா கடலுக்குப் போகிறவர். இரண்டு வருசமாகப் பிள்ளை கணக்கியல் படித்தது. வீட்டில் முதல் முதலாக மாதச் சம்பளம் எடுக்கப் போகிற ஆள். அப்படிப்பட்ட பிள்ளை இன்டர்வியூவுக்கு முதல் நாள் இரவு மூன்று உடுப்புக்கு முன்னால் நின்று அழுகிறது.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு என்னுடைய கதை ஞாபகம் வந்தது.

கல்வியியற் கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் நானும் ஒரு தனியார் இடத்துக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். "சாரியில் போ, அபாயா எண்டால் யோசிப்பாங்க" என்றார்கள். இரவல் சாரி கட்டி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். வேலை கிடைத்தது. இரண்டாவது கிழமை, நான் எப்போதும் உடுத்துகிற அபாயாவில் போனேன். மேலாளர் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அண்டைக்கு நீங்க இப்படி வரல்லியே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அபாயா உடுத்துவது என் உரிமை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் நாள் வேறு ஆளாகப் போய் உட்கார்ந்தது நான்தானே? மூன்று மாதம் மனமில்லாமல் போய்விட்டு நின்றுவிட்டேன். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. நான் போன விதமும் சரியில்லை என்று இன்றைக்குத் தெரிகிறது.

சாரியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் உம்மம்மாமார் சாரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் வாழ்ந்தார்கள். கல்லூரியில் நானும் சாரி கட்டியிருக்கிறேன். சாரியில் மனநிறைவோடு கற்பிக்கிற முஸ்லிம் ஆசிரியைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிரச்சினை உடுப்பில் இல்லை. வேலை எடுப்பதற்காக ஒரு நாளைக்கு மட்டும் போடுகிற வேசத்தில்தான் இருக்கிறது.

பயப்படாமல் போ என்று பிள்ளையிடம் சொல்வது லேசு. ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

2018 ஏப்ரலில் சண்முகா இந்து மகளிர் கல்லூரிக்கு முன்னால் நடந்த ஆர்ப்பாட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அபாயா அணிந்த ஆசிரியைகள் வேறு பாடசாலைக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு பின்னர் ஆசிரியைகள் பக்கம் பரிந்துரை செய்தது. அப்படியிருந்தும் 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை அபாயாவோடு கடமையேற்கப் போன நாளில் திரும்பவும் குழப்பம், பொலிஸ், வழக்கு. அந்தக் காலத்தில் என் தமிழ்த் தோழிகள் சிலருக்கும் மனம் நொந்தது. தங்கள் பாடசாலையின் வழமையை யாரோ தட்டிவிடுவது போல அவர்களுக்குப் பட்டது. இரண்டு பக்கத்துக்கும் காயம் இருந்தது. அதைக் கிளற நான் எழுதவில்லை.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முகம் மூடுவது தடை செய்யப்பட்டது. அபாயா முகத்தை மூடுகிற உடுப்பு இல்லை. ஆனாலும் அந்த மாதங்களில் பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கச்சேரியில் எங்களைப் பார்த்த பார்வை எங்களுக்குத்தான் தெரியும். அதே வருசம் மே மாதம் 13/2019 சுற்றறிக்கை வந்தது. அரச கந்தோர்களில் பெண்கள் சாரி அல்லது ஒசரிதான் உடுத்த வேண்டும் என்றது. எதிர்ப்பு வந்த பிறகு அதைத் திருத்தினார்கள்.

கடைசியாக 2024. ஸாஹிரா கல்லூரியில் உயர்தரப் பரீட்சை எழுதிய எங்கள் பிள்ளைகள் 70 பேரின் பெறுபேறு, காது தெரியாதபடி தலையை மூடியிருந்தார்கள் என்று நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு வெளியிட்டார்கள்தான். ஆனால் நாடே ரிசல்ட் பார்த்த நாளில் அந்த 70 வீடும் எப்படி இருந்திருக்கும்?

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் இரவு பத்து மணிக்குப் படம் அனுப்புகிறது.

தூரத்தில் நடந்த ஒரு வழக்கையும் சொல்கிறேன். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு சமந்தா இலாஃப் என்ற 17 வயதுப் பிள்ளை, அபர்க்ராம்பி என்ற துணிக்கடைக்கு இன்டர்வியூவுக்குப் போனது. தலையில் கறுப்பு ஸ்கார்ஃப். நேர்காணல் செய்த பெண் நல்ல புள்ளிதான் போட்டார். மேலே இருந்தவர், தலையில் எதுவும் அணியக் கூடாது என்பது எங்கள் விதி என்று சொல்லி வேலையை மறுத்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. "மார்க்கத்துக்காக அணிகிறேன் என்று அந்தப் பிள்ளை எங்களிடம் சொல்லவில்லையே" என்பது கம்பனியின் வாதம். 2015 ஜூனில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதியரசர்கள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வாயால் கேட்டிருக்க வேண்டும் என்றில்லை, விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வேலையை மறுத்திருந்தாலே அது பாரபட்சம்தான் என்றார்கள்.

அந்தப் பிள்ளை எப்போதும் அணிவதைத்தான் அணிந்துகொண்டு போனது. அதனால்தான் பின்னால் யாராலும் "அண்டைக்கு நீங்க இப்படி வரல்லியே" என்று கேட்க முடியவில்லை.

ஆனால் அது அவர்கள் நாட்டுச் சட்டம். எங்கள் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மத சுதந்திரத்தையும், 12ஆம் உறுப்புரை சமத்துவத்தையும், 14ஆம் உறுப்புரை மதத்தைப் பின்பற்றி வெளிப்படுத்தும் உரிமையையும் தருகின்றன. அடிப்படை உரிமை வழக்கு போடுவதென்றால் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அதுவும் அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான். தனியார் கடை முதலாளி "ஆள் எடுத்தாச்சு" என்று சொன்னால் அதே வழி திறப்பதில்லை. இது தெரியாமல் "உரிமை இருக்கு, போ" என்று பிள்ளையைத் தள்ளிவிடக் கூடாது.

அப்படியென்றால் என்ன செய்வது? என் மாணவிக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலாவது, வேலை கிடைத்தால் முதல் நாள் எதை உடுத்துவாயோ அதையே இன்டர்வியூவுக்கும் உடுத்து. அபாயா என்றால் அபாயா. பாவாடை, பிளவுஸ், ஸ்கார்ஃப் என்றால் அது. சாரி என்றால் சாரி. எடுக்கப் போகிற ஆள் யாரென்று அவர்களுக்குத் தெரியட்டும். எடுக்காவிட்டால், மூன்று மாதம் கழித்துத் தெரிவதை அன்றைக்கே தெரிந்துகொண்டாய்.

இரண்டாவது, கேட்டுப் பார். அழைப்பு வந்தவுடனேயே போன் எடுத்து, "வேலைக்கு யூனிபோர்ம் இருக்கா? நான் அபாயா அணிகிற ஆள், அதுக்கு இடம் இருக்கா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வேலை, தொழிற்சாலையில் மெசின் வேலை, ஆஸ்பத்திரி வேலை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தேவை இருக்கிறது. மெசினுக்குப் பக்கத்தில் அகலக் கையும் தொங்குகிற ஷோலும் ஆபத்து. அதை விதி என்று சொன்னால் அது பாரபட்சம் இல்லை.

மூன்றாவது, எதை உடுத்தினாலும் துப்புரவாக, அளவாக இருக்க வேண்டும். நரைத்துப்போன கறுப்பு வேண்டாம். மினுக்கமும் கல்லும் கலியாண வீட்டுக்கு. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை வேர்த்துத்தான் இறங்கும், கைக்குட்டையும் மேலதிகமாக நாலு பின்னும் பையில் இருக்கட்டும். முதல் நாளே அயன் பண்ணிவை, காலையில் கரண்ட் இருக்கும் என்று நம்பாதே. உடுத்திக்கொண்டு கதிரையில் இருந்து எழும்பிப் பார், படி ஏறிப் பார். அடையாள அட்டையும் சேர்டிபிகேட் மூலப்பிரதிகளும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

நான்காவது, உடுப்பைப் பற்றிக் கேட்டால் ஒரே வசனம் போதும். "இது நான் எப்போதும் உடுத்துறது சேர், வேலைக்கு இடைஞ்சல் வராது." பயான் பண்ண வேண்டாம். கோபமும் வேண்டாம்.

இனி மற்றவர்களுக்கு.

உம்மா, வாப்பா, சாச்சி, மாமி எல்லோருக்கும்: பிள்ளை எதை உடுத்துவது என்பதைப் பிள்ளையோடு முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். இன்டர்வியூவுக்கு முதல் நாள் இரவு ஆளுக்கொரு கருத்துச் சொல்லாதீர்கள். நானாமாருக்கும் ஒரு சொல். நீங்கள் ஜீன்ஸோடு போய் இன்டர்வியூ செய்துவிட்டு வருகிறீர்கள். உங்கள் உடுப்பை வைத்து யாரும் உங்கள் ஈமானையும் அளக்கவில்லை, தேசபக்தியையும் அளக்கவில்லை. தங்கச்சிக்கு இரண்டையும் அளக்கிறார்கள்.

ஆள் எடுக்கிறவர்களுக்கு: யூனிபோர்ம் இருந்தால் விளம்பரத்திலேயே போடுங்கள். இல்லையென்றால் "உடை தடையல்ல" என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழ், சிங்கள, முஸ்லிம் என்று எல்லாப் பிள்ளைகளும் நிம்மதியாக வருவார்கள்.

ஊர் ஜமாஅத்துக்கு: பிரச்சினை வந்த பிறகு சட்டத்தரணி தேடுவது தேவைதான். வருவதற்கு முன்னால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு மண்டபத்தைத் திறந்து பிள்ளைகளுக்கு மாதிரி நேர்முகப் பரீட்சை வையுங்கள். நான் வருகிறேன், இன்னும் இரண்டு ஆசிரியைகளையும் கூட்டி வருகிறேன்.

என் மாணவி கடைசியில் என்ன உடுத்தியது என்று கேட்பீர்கள். அபாயாதான், கடும் நீலம், அதுதான் அந்தப் பிள்ளை எப்போதும் உடுத்துவது. அடுத்த நாள் மத்தியானம் குரல் பதிவு வந்தது.

"டீச்சர், உடுப்பப் பத்தி ஒண்டும் கேக்கல்ல. எக்செல்ல வங்கிக் கணக்கிணக்கம் செஞ்சு காட்டச் சொன்னாங்க. எனக்குத் தெரியும் டீச்சர், ஆனா கை நடுங்கிச்சு. ராத்திரி ஒருக்காவாவது செஞ்சு பாத்திருக்கணும்."

பதில் இன்னும் வரவில்லை. கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். கிடைக்காவிட்டாலும் காரணம் அபாயாவாக இருக்காது. அந்த இரவு முழுக்க நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிள்ளையை எக்செல் முன்னால் உட்கார விடாமல் அலுமாரிக்கு முன்னால் நிற்க வைத்தோமே, அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பிள்ளைக்காக துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் இரவு நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். சண்டை பிடிக்காமல் எழுதுங்கள், பிள்ளைகளும் வாசிக்கிறார்கள்.