கடைசி மூன்று பெயர்கள்



தவணைப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளுக்கு நிம்மதி. ஆசிரியர்களாகிய எங்களுக்கு அன்றுதான் அடுத்த பரீட்சை ஆரம்பம். எங்கள் பாடசாலையில் 6ஆம் தரம் முதல் 11ஆம் தரம் வரை 14 வகுப்புகள், 14 எக்செல் கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறந்து, புள்ளிகளைப் பிரதி எடுத்து, பெரிய பட்டியலில் ஒட்டி, மூடி, அடுத்ததைத் திறக்க வேண்டும். பிறகு அதையே பாடவாரியாக ஒன்று, ஆண் பெண் வாரியாக ஒன்று, 35க்குக் கீழே எடுத்தவர்கள் என்று இன்னொன்று. நோட்டன் மழையில் கரண்டும் போனால் மூன்று இரவு சரி.

போன வருடம் எங்களில் சிலர் சேர்ந்து மேக்ரோ பழகினோம். இது புதிய விசயம் இல்லை. எக்செலுக்குள் விபிஏ என்ற நிரல்மொழி 1993லேயே வந்துவிட்டது. நாங்கள் ஒரு முறை செய்து காட்டினால் கணினி அதைப் பதிவு செய்துகொள்ளும். அதோடு "இந்தக் கோப்புறையில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திற, எடு, மூடு" என்று நாலு வரி சேர்த்தால், 14 கோப்பையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மூன்று இரவு வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஸ்டாப் ரூமில் கைதட்டல் வேறு.

பெற்றோர் கூட்டத்தன்று ஓர் அம்மா வந்தார். கொழுந்து மலையிலிருந்து அரைப்பேரோடு இறங்கி வந்தவர். தேர்ச்சி அறிக்கைக் கட்டில் அவருடைய மகளின் தாள் இல்லை. "என்ன டீச்சர், எம்புள்ளைக்குப் பேர் போடலையா?" என்று கேட்டார். தோட்டத்தில் பேர் போடவில்லை என்றால் அன்றைய உழைப்பு கணக்கில் இல்லை என்று அர்த்தம். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

தேடிப் பார்த்தோம். மேக்ரோவைப் பதிவு செய்தது 38 பிள்ளைகள் உள்ள வகுப்பில். பெயர்கள் 5ஆவது வரியில் தொடங்கி 42ஆவது வரியில் முடியும். கணினி அந்த இரண்டு எண்ணையும் அப்படியே பிடித்துக்கொண்டது. மற்ற வகுப்புகளில் 38க்கு மேல் இல்லை, தப்பித்தோம். ஒரே ஒரு வகுப்பில் 41 பேர். கடைசி மூன்று பேரும் விழுந்துவிட்டார்கள். பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லை.

இடாப்பில் கடைசியில் இருப்பது யார்? வருட நடுவில் சேர்ந்தவர்கள். அப்பா வேறு தோட்டத்துக்கு மாறியதால் வந்தவர்கள், கொழும்பிலிருந்து பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஏற்கெனவே ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளைத்தான் எங்கள் மேக்ரோ விட்டுவிட்டது.

இது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. 2020 செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொவிட் தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கிலிருந்து விடுபட்டார்கள். பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதற்குப் பின்னால் வந்தவை வெட்டுப்பட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

அதற்காகத் திரும்பவும் மூன்று இரவு கண்விழிக்கச் சொல்கிறோமா? இல்லை. தூக்கக் கலக்கத்தில் கையால் ஒட்டும்போதும் பிள்ளைகள் விழுவார்கள். அது எந்த வரியில் என்று பிறகு கண்டுபிடிக்கவும் முடியாது. மேக்ரோவில் தவறு எங்கே என்று கண்டோம், திருத்தினோம். இப்போது அது பட்டியலின் அடியிலிருந்து மேலே வந்து கடைசிப் பெயரைத் தானே தேடுகிறது.

எங்கள் கருத்து இதுதான்: மேக்ரோ பயன்படுத்துங்கள், ஆனால் எண்ணிப் பார்க்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். இடாப்பில் எத்தனை பேர், முடிவுப் பட்டியலில் எத்தனை பேர், வகுப்பு வகுப்பாக ஒப்பிடுங்கள். மூலக் கோப்புகளை முதலில் வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், மேக்ரோ ஓடியபின் "அன்டூ" கைகொடுக்காது. பிள்ளைகளைப் பெயரால் பொருத்தாமல் சேர்விலக்கத்தால் பொருத்துங்கள். ஒருவர் பாமினியிலும் இன்னொருவர் யுனிகோட்டிலும் தட்டியிருந்தால், நம் கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய மேக்ரோ கோப்பைத் திறக்காதீர்கள். இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை 2022இலிருந்து மைக்ரோசொப்டே தடுத்து வைப்பது சும்மா இல்லை.

முக்கியமாக, ஒரு பாடசாலையில் குறைந்தது இரண்டு பேருக்காவது அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். எழுதியவர் இடமாற்றம் பெற்றுப் போனால் மற்றவர்களுக்கு அது மந்திரப் பெட்டி. கல்வியியற் கல்லூரியில் நாங்கள் விரிதாளில் கூட்டல், சராசரி, வரைபு படித்தோம். பல கோப்புகளை ஒன்றாகக் கையாளவோ, வந்த முடிவைச் சரிபார்க்கவோ யாரும் சொல்லித் தரவில்லை. இன்று பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு அதைக் கற்பியுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

பிள்ளையின் புள்ளி எங்களிடம் இருக்கும் அமானிதம். அந்த மூன்று பிள்ளைகளுக்கும் அறிக்கையை அடுத்த நாளே வகுப்பாசிரியர் கையில் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்த அம்மா இன்னொரு தடவை அரைப்பேரோடு இறங்கி வர வேண்டியிருந்தது.

எங்கள் மேக்ரோ தேவைப்படும் ஆசிரியர்கள் கேளுங்கள். கோப்பை அனுப்ப மாட்டோம், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து உட்கார்ந்து எழுதிப் பழகுவோம்.