'போட்டுக்கோ' என்றால் 'புட் ஆன்', 'போட்டிருக்கான்' என்றால் 'வேர்'

காலை எட்டு மணிக்குள் நம் வீடுகளில் எத்தனை தடவை "போட்டுக்கோ" என்று கத்துகிறோம்! சட்டை போட்டுக்கோ, சாக்ஸ் போட்டுக்கோ, பெல்ட்டை மாட்டிக்கோ. பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறானே, வீட்டிலும் நாலு வார்த்தை பழகட்டும் என்று இதையே "வேர் யுவர் ஷூஸ்", "ரிமூவ் யுவர் ஷர்ட்" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. எங்கள் மாடி வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் சொல்லி வந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவள் பையன் ஒருநாள், "அம்மா, அது தப்பு. 'புட் ஆன்'னு சொல்லணுமாம், மிஸ் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு வாயை மூடியவள்தான், அப்புறம் அவனிடம் இங்கிலீஷே பேசுவதில்லை. "எனக்கு வராதுக்கா, அவங்கப்பாகிட்டயே பேசிக்கட்டும்" என்கிறாள்.

இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்! பத்தாவதோடு நின்றவர்களுக்கும் இது வரும். ஏனென்றால் விடை நம் தமிழிலேயே இருக்கிறது.

'போட்டுக்கோ' என்பது ஒரு செய்கை. கையை நுழைத்து, பொத்தானை மாட்டினால் அந்த வேலை முடிந்தது. அதுதான் 'புட் ஆன்'. 'போட்டிருக்கான்' என்பது துணி உடம்பில் இருக்கிற நிலை. அதற்குத்தான் 'வேர்'. சந்தேகம் வந்தால் மனசுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், எது வேண்டும் என்று தெரிந்துவிடும். அப்படியானால் பள்ளிக்கூட டைரியில் நாளைக்கு வெள்ளை யூனிஃபார்ம் 'வேர்' பண்ணணும் என்று எழுதி அனுப்புகிறார்களே, அது தப்பா? தப்பில்லை. நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும் என்பதைத்தானே சொல்கிறார்கள்! 'ரிமூவ்' கூடத் தப்பில்லை. ஆனால் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். வீட்டுப் பேச்சுக்கு 'டேக் ஆஃப்' போதும்.

நாம் புடவை கட்டுகிறோம், வளையல் போடுகிறோம், கண்ணாடி மாட்டுகிறோம், பொட்டு வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை. இங்கிலீஷில் அத்தனைக்கும் ஒரே 'புட் ஆன்'. பவுடருக்கும் சென்ட்டுக்கும்கூட அதுதான். தலைக்குப் பூ வைப்பதற்கு மட்டும் சரிப்படாது. கூந்தலுக்குள் செருகுகிறோம் இல்லையா, அதனால் அங்கே 'இன்' வரும். ஆக, முன்னால் இருக்கிற வார்த்தையைவிட வால் வார்த்தையில்தான் சூட்சுமம். உடம்பின் மேல் வந்தால் 'ஆன்', விலகினால் 'ஆஃப்'. பட்டன், ஜிப், ஷூ லேஸ் எதுவானாலும் மூடிக் கட்டுவது 'டூ அப்'. சட்டையை நிஜாருக்குள் விடுவது 'டக் இன்'.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. 'புட் ஆன் யுவர் ஷூஸ்' என்றும் சொல்லலாம், 'புட் யுவர் ஷூஸ் ஆன்' என்றும் சொல்லலாம். ஆனால் 'இட்', 'தெம்' என்று வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: 'புட் தெம் ஆன்', 'டேக் இட் ஆஃப்'. இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஏறாது.

தினமும் ஸ்கூலுக்கு உடுத்திக் கிளம்புவதை 'ட்ரெஸ் அப்' என்று சொல்ல வேண்டாம், அது 'கெட் ட்ரெஸ்ட்'. பட்டும் நகையுமாகக் கல்யாணத்துக்குப் போகிறோமே, அதுதான் 'ட்ரெஸ் அப்'. மாறுவேடப் போட்டிக்குப் பாரதியார் வேஷம் கட்டுவதும் அதுவே.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது தையல் வார்த்தைகள். டெய்லரிடம் "இடுப்புல அரை இன்ச் பிடிச்சிடுங்க" என்கிறோமே, அது 'டேக் இன்'. "பக்கத்துல பிரிச்சு விடுங்க" என்பது 'லெட் அவுட்'. பாவாடை ஓரத்தை ஏற்றி மடித்துத் தைத்தால் 'டேக் அப்', மடிப்பைப் பிரித்து இறக்கினால் 'லெட் டவுன்'. அகலத்துக்கு 'இன்', 'அவுட்'. உயரத்துக்கு 'அப்', 'டவுன்'. எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்! நம்முடைய 'பிடி', 'விடு' இரண்டும் அப்படியே அங்கேயும் இருக்கின்றன.

சொல்ல வந்தது வார்த்தையானாலும் காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது ஓரத்தில் இரண்டு இன்ச் மடிப்பும், பக்கத் தையலில் கொஞ்சம் துணியும் விடச் சொல்லுங்கள். ரெடிமேடாக இருந்தால் பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்பதோடு (அதுதான் 'ட்ரை ஆன்') உள்பக்கம் திருப்பியும் பாருங்கள். துணியே விடாமல் தைத்திருந்தால் அடுத்த வருஷம் பிரிப்பதற்கு ஒன்றுமிருக்காது. பிரித்த இடத்தில் பழைய மடிப்புக் கோடு தெரிந்தால், வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, அதை மேலே போட்டு இஸ்திரி செய்யுங்கள். சாயம் போகிறதா என்று மூலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

"சட்டை சின்னதாயிடுச்சு" என்று நாம் சட்டையின் மேல் பழி போடுகிறோம். இங்கிலீஷில் பிள்ளைதான் சட்டையை விட்டு வெளியே வளர்கிறான், 'க்ரோ அவுட் ஆஃப்'. ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, வளர்ந்து சரியாகட்டும் என்று விட்டால் 'க்ரோ இன்டு'. அண்ணனுக்குப் போதாததைத் தம்பிக்குக் கொடுப்பது 'ஹேண்ட் டவுன்'. தம்பியும் போட்டுத் தேய்த்து, காலர் நைந்துவிட்டால் 'வேர் அவுட்'. அதே 'வேர்'தான், வால் மட்டும் மாறியிருக்கிறது. அந்த நிலைக்கு வந்த சட்டையின் பட்டன்களைக் கத்தரித்து டப்பாவில் போட்டுவிட்டு, துணியை அடுப்படிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கரித்துணிக்கு நைந்த காட்டன் மாதிரி வராது.